பதின்ம வயதுப் பிள்ளை ராத்திரி தூங்கவில்லை: போனைப் பிடுங்குவதா, மாத்திரையா, காலையைச் சரிசெய்வதா?

ராத்திரி ஒன்றரை மணிக்கும் அறையில் வெளிச்சம் தெரிகிறது. காலையில் நாலு தடவை எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை, எழுந்தபின் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறது, மார்க் இறங்குகிறது, நேற்றுவரை ஒட்டிக்கொண்டிருந்த நண்பர்களோடு பேச்சில்லை. பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இதில் பாதியாவது எப்போதாவது நடக்கும். அப்போது பெற்றோர் கையில் இருக்கிற வழிகள் கொஞ்சம்தான்: போனை வாங்கி வைப்பது, பத்து மணிக்குப் படுக்கச் சொல்வது, காலை எழும் நேரத்தைச் சரிசெய்வது, நாள் முழுக்க நிரம்பியிருக்கிற வேலைகளைக் குறைப்பது, மெலடோனின் (இருட்டியதும் மூளையில் சுரக்கும் ஹார்மோனை மாத்திரையாக்கியது) போல ஏதாவது கொடுப்பது, தூக்கத்துக்கென்றே இருக்கும் உளவியல் சிகிச்சைக்குப் போவது, இல்லை இது மனசு சம்பந்தப்பட்டது என்று அதை முதலில் பார்ப்பது. எதை முதலில் எடுப்பது என்று நிதானமாக யோசிப்பவர்கள் குறைவு. கோபத்தில் கைக்கு எட்டியதைத்தான் எடுக்கிறோம், அது அநேகமாகப் போனாகத்தான் இருக்கும்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் பிடிக்கவேண்டியது காலை நேரம். ராத்திரியோடு மல்லுக்கட்டுவது அதற்கு அப்புறம். சில பிள்ளைகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு நேராக டாக்டரிடம்தான் போகவேண்டும், அதையும் கீழே சொல்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஒருவனுக்குக் கைகொடுக்கிற வழி இன்னொருவனுக்குக் கெடுதலாகவே முடியலாம். அதற்கு விடுமுறை நாட்கள்தான் நல்ல சோதனை. யாரும் எழுப்பாமல் விட்டால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி, நடுவில் முழிக்காமல், பதினோரு மணிக்குத் தெளிவாக எழுகிறானா? அப்படியானால் அவன் தூக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கிற இடம்தான் தள்ளிப்போயிருக்கிறது. விடுமுறையிலும் படுத்து இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டு, எதையோ நினைத்து நினைத்து நெஞ்சு படபடக்கக் கிடக்கிறாளா? அது தூக்கமின்மை. படுத்த நிமிஷமே தூங்கிவிடுகிறது, ஆனால் படுக்கவே பன்னிரண்டரை ஆகிறது, ஐந்தரைக்கு எழுந்து பயிற்சி வகுப்புக்கு ஓடவேண்டும் என்றால் அங்கே நோய் எதுவும் இல்லை, நேரம்தான் இல்லை. ஒன்பது மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் சோர்ந்து விழுகிறது, ராத்திரி குறட்டை பலமாகக் கேட்கிறது, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் அது வேறு விஷயம், தொண்டைச் சதை பெருத்திருக்கலாம், தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம். இந்தக் கடைசி ரகத்துப் பிள்ளைகள் பகலில் துறுதுறுவென்று, கவனம் சிதறி, அடங்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு நடத்தைக் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவதும் உண்டு.

13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8லிருந்து 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்ன கணக்கு. இந்த வயதில் உடம்பே அதற்கு ஒத்துழைப்பதில்லை, அங்கேதான் சிக்கல். பருவமடையும்போது, இருட்டியதும் மூளையில் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் பின்னுக்குப் போகிறது. முழித்திருக்க முழித்திருக்கத் தூக்கம் வந்து அமுக்குமே, அந்த அழுத்தமும் சின்னக் குழந்தைகளைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது. மேரி கார்ஸ்கடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். இருபது வயதை ஒட்டித்தான் இந்தத் தள்ளிப்போதல் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் திரும்புகிறது. பத்து மணிக்குக் கண் சொருகாத பிள்ளையைச் சோம்பேறி, திமிர் என்று திட்டுவதால் அந்தச் சுரப்பு ஒரு நிமிஷம்கூட முன்னால் வராது.

இனி மனநிலை. 2014இல் வெளியான ஒரு சோதனையில் 14லிருந்து 17 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான 50 பிள்ளைகளை ஐந்து ராத்திரி ஆறரை மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கவிட்டார்கள், இன்னொரு ஐந்து ராத்திரி பத்து மணி நேரம். குறைவாகத் தூங்கிய நாட்களில் பதற்றமும் கோபமும் குழப்பமும் கூடியதாகப் பிள்ளைகளே சொன்னார்கள். எரிச்சலும் எதிர்த்துப் பேசுவதும் கூடியதாகப் பெற்றோரும் சொன்னார்கள். சோகம் மட்டும் அந்த ஐந்து நாளில் கூடவில்லை. இதைக் கவனியுங்கள். எரிச்சல், வெடிப்பு, அழுகை இவையெல்லாம் ஒரே வாரத் தூக்கக் குறைவிலேயே வந்துவிடும், தூக்கம் சரியானால் வேகமாகப் போகவும் செய்யும். ஆனால் பிள்ளை வாரக்கணக்கில் சோகமாக, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதலில் போன். திரை வெளிச்சம்தான் வில்லன் என்று எல்லோரும் நம்புகிறோம். 2015இல் வந்த ஒரு ஆய்வில் ஒளிரும் திரையில் படுக்கப்போகும்வரை நாலு மணி நேரம் படித்தவர்களுக்கு மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது, ஆனால் தூக்கம் வந்ததென்னவோ சுமார் பத்து நிமிஷம் மட்டும் தாமதமாக. அவர்கள் பெரியவர்கள், சின்ன ஆய்வுதான், ஆனாலும் இதிலிருந்து எனக்குப் புரிவது, வெளிச்சத்தைவிட உள்ளே இருப்பதுதான் பெரிய இடைஞ்சல். முடியாமல் நீளும் வீடியோக்கள், பதில் எதிர்பார்க்கும் குழுக்கள், யார் என்னை விட்டுவிட்டு என்ன பேசுகிறார்கள் என்ற பதைப்பு. திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதே சமயம், தூக்கம் வராததால்தான் போனை எடுக்கும் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருட்டில் தனியாக, பயமுறுத்துகிற நினைப்புகளோடு கிடக்க முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து பதினொன்றரை மணிக்குக் கத்திப் பிடுங்கினால், அவள் அதே இருட்டில், அதே நினைப்புகளோடு, கூடவே அப்போது நடந்த சண்டையோடும் கிடப்பாள். அன்றைக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? போனை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பகலில் பேசி முடிவுசெய்து, அப்பா அம்மாவின் போன் உட்பட எல்லாம் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று வைத்தால்தான் நிலைக்கும். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். மற்ற வழிகளோடு சேர்த்துச் செய்தால் இது நல்ல பலன் தரும். தண்டனையாகத் தனித்துச் செய்தால் உறவுதான் கெடும்.

அடுத்து, பத்து மணிக்குப் படு என்ற கட்டளை. இதற்கு ஆதரவாக ஒரு பெரிய தரவு உண்டு. அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் விவரங்களை வைத்து 2010இல் வந்த ஆய்வில், நள்ளிரவோ அதற்குப் பிறகோ படுக்கலாம் என்று பெற்றோர் விட்டிருந்த பிள்ளைகளிடம், பத்து மணிக்குள் படுக்கவைக்கப்பட்டவர்களைவிட மனச்சோர்வு 24 சதவீதமும் தற்கொலை எண்ணம் 20 சதவீதமும் கூடுதலாக இருந்தது. படுக்கும் நேரத்தில் கண்டிப்பாக இருக்கிற பெற்றோர் மற்ற பலவற்றிலும் கவனமாக இருப்பார்கள் என்பதால் எல்லாப் பெருமையையும் கடிகாரத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் வீட்டில் ஒரு நேரம் என்று இருப்பது நல்லதுதான், பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே அந்தப் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கனவே ஒரு மணிக்குத் தூங்கிப் பழகிவிட்ட பதினாறு வயதுப் பிள்ளையை இன்றைக்கே பத்து மணிக்குப் படுக்கவைப்பதுதான் தப்பு. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரம்தான் மூளை மிகவும் விழிப்பாக இருக்கிற பொழுது. அந்த நேரத்தில் படுக்கவைத்தால் மூன்று மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும், நாலைந்து நாளில் படுக்கை என்றாலே பதற்றம் வரத் தொடங்கும். தூக்க நேரம் மட்டும் தள்ளிப்போயிருந்த பிள்ளைக்கு நாமே தூக்கமின்மையையும் சேர்த்துக் கொடுத்தமாதிரி ஆகிவிடும்.

அதனால்தான் காலை என்கிறேன். ஒரு பதினைந்து வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாட்களில் ஒரு மணிக்குத் தூங்கி ஆறரைக்கு எழுப்பப்படுகிறான், ஐந்தரை மணி நேரம். குறைந்தது எட்டு வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டரை மணி நேரம் கடன். வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும் இரண்டு மணிக்குப் படுத்துப் பதினோரு மணிவரை தூங்குகிறான். பாவம், தூங்கட்டும் என்று விடுகிறோம். அவன் தூக்கத்தின் நடுப்புள்ளி பள்ளி நாளில் மூன்றே முக்கால், விடுமுறையில் ஆறரை, ஏறக்குறைய மூன்று மணி நேர வித்தியாசம். வாராவாரம் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள வேறொரு நாட்டுக்கு விமானத்தில் போய்த் திரும்புகிற மாதிரிதான் இது, டில் ரோனபெர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இதற்கு வைத்த 'சோஷியல் ஜெட்லாக்' என்ற பெயரிலும் அந்த விமானக் களைப்பே இருக்கிறது. ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்குப் பள்ளி, படு" என்கிறோம். அவன் எழுந்து பதினோரு மணி நேரம்தான் ஆகிறது, மற்ற நாட்களில் பதினெட்டரை மணி நேரம் முழித்திருந்தபின் தூங்குகிறவன். எப்படித் தூங்குவான்? திங்கட்கிழமை காலைச் சண்டைக்கு விதை சனி, ஞாயிறு காலைகளில் விழுகிறது.

செய்யவேண்டியது இதுதான். விடுமுறை நாளில் எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணி, ஒரு மணி என்று முன்னுக்குக் கொண்டுவந்து, பள்ளி நாளுக்கும் அதற்கும் ஒரு மணி, அதிகபட்சம் இரண்டு மணிக்குமேல் வித்தியாசமில்லாமல் நிறுத்துங்கள். எழுந்ததும் வெளியே, வெட்டவெளியில், இருபது முப்பது நிமிஷம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும், அந்த வெளிச்சம்தான் உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, ரொம்பப் பேர் தவறவிடுவது. தானாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு உடல் வெப்பம் ஆகக் கீழே இறங்கும். அதற்குப் பின்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவரும், அதற்கு முன்னால் பட்டால் இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடும். பதினோரு மணிக்கு எழுகிற பையனைத் திடீரென்று விடியுமுன் எழுப்பிப் பளிச்சென்று விளக்கைப் போட்டு உட்காரவைத்தால், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எதிர்த்திசையில் தள்ளுகிறோம். படிப்படியாக என்று சொல்வது இதற்காகத்தான்.

இதில் சிரமமும் உண்டு. முதல் வாரம் தூக்கம் இன்னும் குறையும், எரிச்சல் இன்னும் கூடும், பரீட்சை நேரத்தில் தொடங்கவே வேண்டாம். தாங்காவிட்டால் மதியம் மூன்று மணிக்குள் இருபது நிமிஷம், மிஞ்சினால் முப்பது, தூங்கட்டும். மாலை ஆறு மணிக் குட்டித் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும். காபி, எனர்ஜி டிரிங்க் வகைகளில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மதியத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரியில் நீங்கள் சண்டை போடவே வேண்டியதில்லை என்பதுதான் இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது. காலை நிலைத்துவிட்டால் சில நாட்களில் ராத்திரி தூக்கம் தானாகக் கொஞ்சம் முன்னால் வரும். அப்போது படுக்கும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாக நகர்த்தலாம்.

நேரமே இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் உதவாது, அங்கே எதையாவது குறைத்துத்தான் ஆகவேண்டும். பள்ளி, பயிற்சி வகுப்பு, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாவற்றையும் 24 மணியிலிருந்து கழித்துப் பாருங்கள், எட்டு மணி நேரம் மிஞ்சவில்லை என்றால் பிள்ளைமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோருக்கு இதுதான் கேட்கப் பிடிக்காத வழி, போனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம், அதிகாலை வகுப்பை நிறுத்துவது பற்றிப் பேச மாட்டோம். நேரம் கொடுத்தால் பிள்ளைகள் தூங்கத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றியபோது, மாணவர்களின் தூக்கம் நாளுக்கு 34 நிமிஷம் கூடியது. பள்ளி நேரத்தைத் தனியாளாக மாற்ற முடியாது, வீட்டின் நேரத்தை மாற்றலாம்.

மெலடோனின். இது தூக்க மாத்திரை கிடையாது, பொழுது சாய்ந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிற சைகை, அவ்வளவுதான். கடிகாரம் தள்ளிப்போன பிள்ளைக்கு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சில மணி முன்பே, சின்ன அளவில், டாக்டர் சொன்னபடி கொடுத்தால் பலன் உண்டு. ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் உதவுகிறது. கவலையால் தூங்காத பிள்ளைக்குப் படுக்கும் நேரத்தில் கொடுத்துவிட்டு அற்புதம் எதிர்பார்த்தால் நடக்காது. சில நாடுகளில் இது சீட்டில்லாமல் சத்து மாத்திரை போல விற்கிறது, அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2017இல் சோதித்துப் பார்த்த பொருட்களில் லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. 2023இல் மிட்டாய் போல மென்று தின்னும் (gummy) 25 வகைகளைப் பார்த்தபோது 22இல் அளவு தப்பு. சளி மருந்து, அலர்ஜி மருந்து கொடுத்துத் தூங்கவைப்பது மறுநாள் மந்தத்தைத்தான் கொடுக்கும். பெரியவர்களின் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். பிள்ளைகளின் தூக்கமின்மைக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூட இல்லை.

புரண்டு புரண்டு படுக்கும் அந்தப் பிள்ளைக்கு மாத்திரையைவிட எவ்வளவோ மேலானது தூக்கமின்மைக்கென்றே இருக்கும் சி.பி.டி.ஐ. என்கிற பேச்சுச் சிகிச்சை. சில வாரங்கள், வாரம் ஒரு அமர்வு. படுக்கையில் தூங்குவது தவிர வேறெதுவும் கிடையாது, தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான வேலை ஏதாவது செய்துவிட்டுத் தூக்கம் வந்தபின் திரும்புவது, படுக்கையில் இருக்கும் நேரத்தை முதலில் சுருக்கிப் பிறகு நீட்டுவது, கவலைகளைச் சாயங்காலமே ஒரு நோட்டில் எழுதிவிடுவது, "இன்றைக்குத் தூங்காவிட்டால் நாளைக்கு எல்லாம் போச்சு" என்கிற பயத்தைச் சோதித்துப் பார்ப்பது. நெதர்லாந்தில் பதின்ம வயதினரை வைத்து 2015இல் நடந்த ஆய்வில் குழுவாக நேரில் செய்ததும், இணையம் வழியாகச் செய்ததும் இரண்டுமே பலன் தந்தன. பதற்றம் அதிகமுள்ள பிள்ளைகளை வைத்து மெல்போர்னில் செய்த இன்னொரு ஆய்வில் தூக்கத்தைச் சரிசெய்யப்போய்ப் பதற்றமும் குறைந்தது. பயிற்சி பெற்ற உளவியலாளர் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள்.

மனச்சோர்வால் தூக்கம் போனதா, தூக்கம் போனதால் மனச்சோர்வு வந்ததா என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து விடை தேடவேண்டியதில்லை. இரண்டு பக்கமும் போகும், பதின்ம வயதினரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் தூக்கக் கோளாறு முன்னால் வந்து மனச்சோர்வு பின்னால் வருவது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஒன்று முடியட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

எதையும் முயன்று பார்க்காமல் நேராக டாக்டரிடம் போகவேண்டியவர்கள் இவர்கள்: சாவைப் பற்றிப் பேசுகிற, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளை, அன்றைக்கே போகவேண்டும், தனியாக விடக்கூடாது. இரண்டு வாரத்துக்குமேல் சோகமோ வெறுமையோ விடாமல் இருக்கிற பிள்ளை. மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல், வேகவேகமாகப் பேசிக்கொண்டு, பெரிய பெரிய திட்டங்களோடு இருக்கிற பிள்ளை, இதைத் தூக்கமின்மை என்று நினைத்துவிடாதீர்கள், மனநிலை உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறிமாறிப் போகிற இருமுனைக் கோளாறின் தொடக்கமாக இருக்கலாம். குறட்டையும் மூச்சுத் தடையும். ராத்திரி கால் குடைச்சலால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று இரத்தம் பார்த்தால் சில சமயம் காரணம் கிடைத்துவிடும். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவது, சிரித்தால் முழங்கால் மடங்குவது.

மற்றவர்கள் காலை நேரத்தையும் கூடத்தில் சார்ஜ் ஏறும் போனையும் மூன்று வாரம் சேர்த்துச் செய்யுங்கள். தினமும் படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கிற நேரம், எழுந்த நேரம், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று பிள்ளையே ஒரு நோட்டில் குறிக்கட்டும், நீங்கள் எழுதினால் அது உளவு பார்ப்பதாகிவிடும். மூன்று வாரத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள், அவருக்கு ஒரு மணி நேரக் கேள்விகள் மிச்சமாகும். அங்கே பாதி நேரம் நீங்கள் வெளியே இருந்து பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு மனசில் ஓடுவதை அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் சொல்லாது.